ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா?

போன இன்டர்னல் டெஸ்ட்டில் ஒரு திட்ட விலக்கக் கணக்கு. கேள்வியிலேயே 'சாம்பிள்' என்று இருந்தது. அதனால் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுத்தேன். சிவப்பு மையில் பெரிய இன்ட்டு! போய்க் கேட்டால், "புக்குல எங்கப்பா இப்படி இருக்கு?" என்கிறார் சார்.

புக்கில் இல்லைதானுங்க. ஆனால் 'ஆர்' மொழியில் இருக்கிறதே! நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களில் புள்ளியியலுக்காக உருவாக்கிய மொழி இது. காசு கொடுக்க வேண்டாம், இறக்கிக்கொள்ளலாம்.

நம்ம ஊர்க் கணக்கையே பார்ப்போம். ஸ்பின்னிங் மில் லேபில் 120 கஜ நூலை 'லீ' என்பார்கள். அதை எடை போட்டுத்தான் நூல் எத்தனையாம் நம்பர் என்று பார்ப்பார்கள். 40-ஆம் நம்பர் நூலில் ஐந்து லீ எடுத்ததில் 38, 39, 40, 41, 42 வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 40. விலக்க வர்க்கங்களின் கூடுதல் 10. புக் சொல்வதுபோல் ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.41. ஆரில் 'எஸ்டி' ஃபங்ஷனிடம் கொடுத்தால் 1.58! சாஃப்ட்வேர் தப்பு என்றான் என் நண்பன்.

தப்பே இல்லை. ஆர் நான்கால் வகுக்கிறது. மில்லில் ஓடும் நூல் முழுவதையுமா சோதித்தோம்? ஐந்தே லீ. சராசரியையும் அதே ஐந்திலிருந்துதான் எடுத்தோம். அது அந்த ஐந்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வதால் விலக்கம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் ஒன்று குறைவு. அந்த ஐந்துதான் மொத்தமுமே என்றால் புக் சொல்வது சரி.

இந்த ஒரு வித்தியாசத்தை மூன்று வருஷத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் நேர்முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று மூன்று வழியில் ஒரே விடையைக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார்கள். கையால் பெருக்கிய காலத்தில் உழைப்பை மிச்சப்படுத்த வந்த குறுக்குவழிகள் அவை. கம்ப்யூட்டர் லேபைப் பூட்டி வைத்துவிட்டு இன்னும் அதற்கு 10 மார்க்!

கையால் போட்டால்தானே புரியும் என்பீர்கள். சரி, ஐந்து எண்ணுக்கு ஒரு தடவை போடுவோம். அப்புறம் ஃபங்ஷன் எழுதச் சொல்லுங்கள். ஐந்தால் வகுக்கும் திட்ட விலக்கத்துக்கு ஆரில் தயார் ஃபங்ஷன் கிடையாது, நாமேதான் எழுத வேண்டும். ஒரே வரி: ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழி, வர்க்கப்படுத்து, அதன் சராசரியை எடு, வர்க்கமூலம் எடு. அந்த வரியை எழுதியபோதுதான் சூத்திரமே எனக்குப் புரிந்தது. அதுவரை மனப்பாடம்தான்.

நாளைக்கு எங்களில் பாதிப்பேர் மில் ஆபீஸிலும் பனியன் கம்பெனியிலும்தான் கணக்குப் பார்க்கப் போகிறோம். எதால் வகுத்தாய் என்று அங்கே கேட்டால், "புக்குல இருந்துச்சுங்க" என்றா சொல்வது?