போத்தலுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

வடமாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

கீரிமலையில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வயதானவர்கள் தனித்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அம்மாவுக்கு ஆள் அடையாளம் தடுமாறுகிறது என்று கேள்விப்பட்டதும் அங்கிருந்து பார்சல் வருகிறது: ஒமேகா 3, ஜிங்கோ, விற்றமின் ஈ. அவர்கள் அன்பைக் குறைசொல்ல மாட்டேன். அந்தக் குளிசைகளால் மறதிநோய்க்காரரின் நினைவு திரும்பாது என்பதை அவர்களுக்கு உங்கள் திணைக்களம் தமிழில் சொல்லவேண்டும்.

2010இல் அமெரிக்காவில் அல்சைமர் நோயாளர் 402 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மீனெண்ணெயில் உள்ள டீஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பமிலத்தைப் பதினெட்டு மாதம் கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை. ஜிங்கோவை 75 வயது கடந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மறதிநோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. விற்றமின் ஈ பற்றி 2014இல் ஒரு நல்ல செய்தி வந்தது உண்மை. அதை எடுத்த அல்சைமர் நோயாளரின் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் சற்று மெதுவாகக் குறைந்தது, ஞாபகம் தேறவில்லை. அதுவும் வைத்தியர் பார்த்துக் கொடுத்த பெரிய அளவு. இரத்தம் உறையாதிருக்க வோபரின் எடுப்பவர் தானாக ஜிங்கோவும் விற்றமின் ஈயும் விழுங்கினால் இரத்தப்போக்கு ஆபத்து கூடலாம்.

எங்கள் வல்லாரைச் சம்பலை நான் விடமாட்டேன். அது நல்ல சாப்பாடு. மறதிநோய்க்கு மருந்தென்று நிரூபணமில்லை.

என் கவலை முக்கியமாக விற்றமின் பீ12 பற்றியது. அது இயற்கையாக இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் கிடைக்கிறது. மச்சம் தொடாத சைவக் குடும்பங்கள் இங்குள்ள நகுலேஸ்வரம் கோயிலைச் சுற்றி இருக்கின்றன. வயது போகப்போக உடல் அதை உறிஞ்சுவதும் குறையும். நீரிழிவுக்கு வருடக்கணக்காக மெற்போமின் எடுத்தால் இன்னும் குறையும். இந்தக் குறைபாடும் தைரொயிட் குறைவும் மறதியாகவே தோன்றலாம். நேரத்தோடு கண்டால் ஊசியாலோ குளிசையாலோ தேற்றலாம். "அறளை பேர்ந்திட்டுது" என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். குறைபாடே இல்லாத மறதிநோயாளருக்கு அதே பீ12 உதவாது. அதனால்தான் பரிசோதனை முதலில் வேண்டும்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மறதியோடு வரும் ஒவ்வொரு முதியவருக்கும் பீ12, தைரொயிட் பரிசோதனைகள் இலவசமாகக் கிடைக்க ஒழுங்கு செய்யுங்கள். நீரிழிவுக் கிளினிக்கில் ஞாபகம் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வாசிக்கக்கூடிய ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் வெளியிடுங்கள். குளிசைப் போத்தலுக்குச் செலவாகும் காசு, அம்மாவோடு பகலில் இருக்க ஓர் ஆளுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
கீரிமலைவாசி ஒருவர்