செய்மதி வானொலிக்கு முதல் காதைப் பாருங்கோ

கனடாவில மோட்டார் சைக்கிள் ஓடுற தோழர்களுக்கு நாங்கள் சொல்றது இதுதான்: செய்மதி வானொலிச் சந்தா உங்களில் பெரும்பாலானோருக்கு வீண் செலவு.

கைபேசிச் சிக்னல் இல்லாத இடத்திலும் அது பாடும், உண்மைதான். சுப்பீரியர் ஏரிக்கரையால போற 17ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நாட்கணக்காக ஓடுபவர் தாராளமாகக் கட்டட்டும். ரொறன்ரோவுக்குள்ள வேலைக்குப் போய் வாறவருக்கு எதுக்கு? பாட்டைக் கைபேசியில் இறக்கி வைச்சால் சிக்னலே தேவையில்லை. பனிக்காலத்தில் வண்டி கராஜில் கிடக்கும். சந்தாவை நிறுத்த மறந்தால் காசு மட்டும் ஓடும்.

காசைவிடப் பெரிய விசயம் காது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபலைத் தாண்டும். அதுக்கு மேலால பாட்டுக் கேக்க வேணுமெண்டால் சத்தத்தை இன்னும் கூட்டவேணும். 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனத்தின் வரையறை. இரைச்சலால் போன கேள்விப்புலன் திரும்பி வராது. நூற்றுக்கணக்கான அலைவரிசை எண்டு விக்கிறவை இதைச் சொல்லமாட்டினம்.

ஒரு மாதச் சந்தாவைவிடக் குறைந்த விலைக்குக் காதடைப்பான் கிடைக்குது. முதலில் அதை வாங்குங்கோ. பாட்டைப் பற்றிப் பிறகு கதைப்பம்.