எந்த நிறம் நமது அறைக்கு?



பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் தையல்காரரை அடுத்து நினைவுக்கு வருபவர் பெயின்ட் பாஸ். சென்ற முறை மொனராகலையில் எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் படிக்கும் அறைக்கு நிறம் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. மனைவி வெளிர் கிறீம் என்றார். மூத்த மகள் கடும் நீலம் என்றாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அரபுக் கல்லூரியில் இந்தப் பாடம் இருக்கவில்லையே என்று தப்பிக்கப் பார்த்தேன்; விடவில்லை.

கடையில் காட்டும் சிறு அட்டையை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இரு நிறத்தையும் இரண்டடிச் சதுரமாகப் பூசி, இரண்டு நாட்கள் பார்த்தோம். காலையில் நீலம் அழகாகவே இருந்தது. அஸருக்குப் பின் அந்த மூலை இருண்டது. மஃரிபுக்குப் பின் மின்குமிழ் வெளிச்சத்தில் கறுப்பாகவே தெரிந்தது. கிறீம் எல்லா வேளையிலும் ஒரே முகம் காட்டியது. காரணம் எளிது. வெளிர் நிறம் தன் மீது விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கடும் நிறம் விழுங்கிவிடும். ஒரே ஜன்னலுள்ள அறையில் படிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு இது சிறிய விடயமல்ல.

வெளிர் நிறம் பூசினால் அறையின் சூடு தணியும் என்று நினைத்துவிடாதீர்கள். நமது ஊரின் வெயில் கூரையாலும் வெளிச்சுவராலும் உள்ளே வருகிறது. உட்சுவரின் நிறம் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி.

நிறத்தைவிட முக்கியமான ஒன்றுண்டு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு போன்ற பளிச்சென்ற பெயின்ட்களில் முன்பு ஈயம் கலந்த சாயம் பயன்பட்டது. இலங்கையில் 2013 முதல் பெயின்டிலுள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. ஆனால் அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னல்களில் பழைய ஈயம் இருக்கலாம். அவற்றை உலர்ந்தபடி சுரண்ட விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து, தூசியை ஈரத்துணியால் துடைக்கும்வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். ஈயத்தில் ஆபத்தில்லாத அளவென்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது சிறுபிள்ளையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? நான்கு சுவரும் கிறீம். நீலம் மகளின் புத்தக அலுமாரிக்குப் போனது. தன் சொல்லையும் வீட்டில் கேட்டார்கள் என்று அவளுக்கு மகிழ்ச்சி. மஷூரா செய்த வீட்டில் தோற்றவர் என்று எவருமில்லை, சகோதரிகளே!