வாக்குரிமை சலுகை அல்ல!

மைசூருவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், குன்றின் மீது அமைந்த ஊர் மேல்கோட்டை. கன்னட மண்ணில் தமிழ்ப் பாசுரங்கள் ஒலிக்கும் கோயில் அங்கு உள்ளது. துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் இளவரசியின் கதையைப் போற்றும் மரபும் உண்டு. அதே கோயிலுக்கு இன்னொரு மரபும் இருந்தது. டெல்லியிலிருந்து உற்சவர் சிலையை மீட்டுவர உதவியதாகச் சொல்லப்படும் தலித் மக்களுக்குத் ‘திருக்குலத்தார்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் கோயிலுக்குள் நுழைய அனுமதி தரப்பட்டது. எஞ்சிய நாட்களில் அவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. கொடுப்பவர் விரும்பும் வரை நீடிப்பது சலுகை. எவர் தயவையும் வேண்டாதது உரிமை.

அரசியலிலும் கதவு அப்படித்தான் இருந்தது. மேல்கோட்டையை உள்ளடக்கிய மைசூர் சமஸ்தானத்தில் 1881இல் திவான் ரங்காசார்லு பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார். அதில் அமர்ந்த 144 பேரும் நிலவுடைமையாளர்களும் வணிகர்களுமே. உழுதவருக்கும் கூலி உழைப்பாளிக்கும் அங்கே இடமில்லை. விடுதலைப் போராட்டத்தின் பயனாகவும் அம்பேத்கர் போன்றோரின் உறுதியாலும், அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு அந்தக் கதவைத் தகர்த்தது. முதல் பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேர் வாக்காளர்களாயினர். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சொத்தோ கல்வியோ ஆவணக்கட்டோ அவர்களிடம் கேட்கப்படவில்லை.

இன்று தேர்தல் ஆணையத்தின் ‘சிறப்புத் தீவிரத் திருத்தம்’ இந்த அடித்தளத்தையே அசைக்கிறது. 2025 ஜூன் 24 அன்று பீகாரில் அறிவிக்கப்பட்ட அந்தப் பணியில், 2003 பட்டியலில் இல்லாதோர் 11 ஆவணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்தவர் பெற்றோரில் ஒருவரின் ஆவணத்தையும், 2004 டிசம்பர் 2க்குப் பின் பிறந்தவர் இருவரின் ஆவணத்தையும் சேர்த்துத் தர வேண்டும். ரேஷன் அட்டையும், ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும் அந்த 11இல் இல்லை! வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றைக் காரணத்துடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14 அன்று ஆணையிட வேண்டியிருந்தது. அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் இப்பணி விரிவுபடுத்தப்பட்டது.

தந்தையின் ஆவணத்தைக் கேட்டு மகனின் வாக்கைப் பறிக்கும் உத்தி தமிழருக்குப் புதிதல்ல. 1947 தேர்தலில் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் ஏழு தொகுதிகளில் தங்கள் பிரதிநிதிகளை வென்றெடுத்தனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தனர். மறு ஆண்டே சேனநாயக்க அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். லயன் அறைகளில் பிறந்தவர்களுக்கு ஏது பிறப்புச் சான்று? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவராயினர். இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 நாடாளுமன்றத்தில் அம்மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கிட்டு இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் நீக்கப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அது ஆண்டுதோறும் நடக்கும் பணி. ஆனால் ஏற்கெனவே பல தேர்தல்களில் வாக்களித்தவரைச் சந்தேகத்துக்குரியவராக நிறுத்தி, ‘நீயே நிரூபி’ என்பது பட்டியலைத் தூய்மை செய்வதாகாது. முந்தைய பட்டியலில் பெயர் இருப்பதற்கு உரிய மதிப்பு தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே லால் பாபு உசேன் வழக்கில் கூறியுள்ளது. அசாமில் 2019 குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்ட அவலம் கண்முன் உள்ளது. ஆவணம் கேட்டால் முதலில் தவிப்பவர் யார்? பிழைப்புக்காக ஊர் மாறும் தொழிலாளர், திருமணத்தால் முகவரியும் பெயரும் மாறிய பெண்கள், தலித்துகள், பழங்குடியினர், சிறுபான்மையினர். இது தற்செயல் அல்ல. இவர்களே ஆளும் வர்க்கம் அஞ்சும் வாக்காளர்கள்.

எனவே, ஒருவரின் பெயரை நீக்க விரும்பினால் அதற்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசையே சாரும். முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி எந்தப் பெயரும் நீக்கப்படக் கூடாது. குடியுரிமையைத் தீர்மானிக்கும் வேலையை ஆணையம் கைவிட வேண்டும். ஜனநாயக சக்திகள் வாக்குச்சாவடி வாரியாகப் பட்டியலைச் சரிபார்த்து, விடுபட்ட ஒவ்வொருவருக்காகவும் போராட வேண்டும். திறந்த கதவு மீண்டும் சில நாட்களுக்கு மட்டும் திறக்கும் கதவாக மாற இடம் தரலாகாது.