ரீகால் கடிதம் யார் வீட்டுக்குப் போகிறது?

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு வேகன் ஒன்றில் சக்கரமோ, ஸ்பிரிங்கோ, அச்சோ பழுது என்று வண்டிப் பரிசோதகர் கண்டால், அந்த வேகனுக்கு 'சிக்' என்று அடையாளம் இட்டு விடுவார். 'சிக்' என்றால் நோயாளி. அதன்பின் அந்த வேகனில் யாருடைய சரக்கு இருந்தாலும் சரி, அது வண்டியிலிருந்து கழற்றப்பட்டுத் தனி லைனுக்குப் போகும். பழுது பார்த்து முடிந்தபின்தான் மறுபடி ஓடும். சரக்குக்காரருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு, வேகனை அதன் போக்கில் ஓட விடுவது கிடையாது.

ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு இந்த எளிய வழக்கம் ஏன் இல்லை என்ற கேள்வி சில மாதங்களாக என் மனத்தை அரித்து வருகிறது. அதற்குக் காரணம் நண்பர் ஒருவரின் அனுபவம்.

நண்பர் குமரி மாவட்டத்துக்காரர். பத்து வருஷங்களாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். நாகர்கோவிலில் செகண்ட்ஹாண்டாக ஒரு வேன் வாங்கி, சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி ஏற்றி வருகிறார். வாங்கிய ஆறாம் மாதமே முன்பக்கம் இடதுபுறம் 'டக், டக்' என்று சத்தம். குழியில் இறங்கினால் ஸ்டியரிங் உதறும். டயரின் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் புஷ் மாற்றினார்கள். மூன்று மாதத்தில் மறுபடியும் சத்தம். பால் ஜாயிண்ட் மாற்றினார்கள். அதன்பின் லோயர் ஆர்மையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "ரோடு மோசமாணு, சாரே!"

ஒரு நாள் விடியற்காலை, பாலராமபுரம் ஜங்ஷனில் வேகம் குறைத்துத் திரும்பும்போது முன்சக்கரம் மடங்கி, வண்டி தரையில் உட்கார்ந்துவிட்டது. தக்காளி கூடை ரோட்டில் உருண்டதோடு போயிற்று. பத்து நிமிஷம் முன்னால், வேகமாக வந்த இடத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

பிறகு ஒரு மெக்கானிக் சேஸிஸ் நம்பரைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு ரீகால் வந்திருக்கிறதே, தெரியாதா?" என்று கேட்டார். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. முன்பக்க ஆர்மில் குறை இருப்பதாகவும், இலவசமாக மாற்றித் தருவதாகவும் கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது. கடிதம் போனது வண்டியை முதலில் வாங்கியவர் வீட்டுக்கு. அவர் விற்றுப் பல காலம் ஆயிற்று. கடிதம் அவர் வீட்டு அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது!

"அண்ணாச்சி, 11,000 ரூபாய்க்கு மேல் செலவழித்தேன். கடிதம் என் கைக்கு வந்திருந்தால் ஒரு பைசா ஆகியிருக்காதே!" என்றார் நண்பர். கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை. ஏனென்றால் இது ஒரு கம்பெனியின் கதை அல்ல.

முன்சக்கரத்தை வண்டியின் உடம்போடு இணைத்துப் பிடிப்பது லோயர் ஆர்ம். ஸ்டியரிங் சொல்கிறபடி சக்கரத்தைத் திருப்புவது டை ராட். இவற்றில் ஒன்று ஒடிந்தாலும் ஓட்டுகிறவர் கையில் இருப்பது வெறும் வட்டம்தான். வண்டி அவர் சொல் கேட்காது. அந்தக் கால அம்பாஸிடரில் முன்சக்கரப் பாகங்களுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். டிரைவரும் மெக்கானிக்கும் அடிக்கடி குனிந்து பார்ப்பார்கள். இன்றைய வண்டிகளில் பல பாகங்கள் மூடி அடைக்கப்பட்டவை. குறை இருப்பதைக் கம்பெனி சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

கம்பெனிகள் சொல்லாமலும் இல்லை. 2018-ல் ஃபோர்டு நிறுவனம், 2017 மே, ஜூன் மாதங்களில் சென்னைத் தொழிற்சாலையில் செய்த 4,379 எக்கோஸ்போர்ட் கார்களை, முன் லோயர் ஆர்மின் வெல்டிங்கைச் சோதிப்பதற்காகத் திரும்ப அழைத்தது. 2019 அக்டோபரில் மஹிந்திரா நிறுவனம், அவ்வருஷம் மே 19 வரை செய்த எக்ஸ்.யு.வி. 300 வண்டிகளில் ஒரு பகுதியை, சஸ்பென்ஷன் பாகம் ஒன்றை மாற்றுவதற்காக அழைத்தது. 2023 ஜூலையில் மாருதி சுஸுகி நிறுவனம், 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை செய்த எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் 87,599-ஐ டை ராட் குறைக்காக அழைத்தது. அது அபூர்வமாக ஒடியக்கூடும் என்று நிறுவனமே சொல்லி, இலவசமாக மாற்றித் தர முன்வந்தது.

இப்படி அழைப்பதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. குறையை ஒப்புக்கொள்ளும் கம்பெனி, மூடி மறைக்கும் கம்பெனியைவிட ஆயிரம் மடங்கு மேல். ஒன்றை மட்டும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெல்டிங் சரியில்லை, பாகம் சரியில்லை என்று கம்பெனிகளே சொல்லும்போது, எல்லாப் பழியையும் ரோட்டின் தலையில் போடும் ஒர்க்‌ஷாப் பதிலை நாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2012-ல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக ஒரு நெறிமுறை வகுத்தது. அதில் கட்டாயம் இல்லை. 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, வேறு வண்டி கொடுக்கவோ, பழுது பார்த்துக் கொடுக்கவோ கம்பெனியைக் கட்டாயப்படுத்தலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஆனால் அந்தக் கட்டாயம் ஏழு வருஷத்துக்கு மேற்படாத வண்டிகளுக்குத்தான். நம்மவர்கள் வாங்குவதோ எட்டு வருஷம், பத்து வருஷம் ஓடிய வண்டி!

ஆகக்கூடி, புது வண்டி வாங்குகிறவருக்குக் கடிதம் வருகிறது, டெலிபோன் வருகிறது. மூன்றாவது கையாக வாங்கி, அதை வைத்தே பிழைக்கிறவருக்கு ஒன்றும் வருவதில்லை. நாள் முழுவதும் பாரத்தோடு ரோட்டில் இருப்பது அவருடைய வண்டிதான்.

நம்மிடமும் குறை இருப்பதை மறைக்கக் கூடாது. வண்டியை வாங்கினால் முப்பது நாளில் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இது சட்டம். ஆட்சேபணையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், இரண்டு ஆபீசுக்கும் நடக்க வேண்டும் என்ற மலைப்பில் நம்மவர்கள் பலர் பழைய பெயரிலேயே ஓட்டுகிறார்கள். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு நம்பரில் ஓடும் வண்டிகளில் எத்தனை வண்டிகள் ஓட்டுகிறவர் பெயரில் இருக்கின்றன? பெயர் மாற்றாதவர் விலாசம் பதிவேட்டில் இருக்காது. விலாசம் இல்லாதவருக்குக் கடிதம் எப்படி வரும்? பெயர் மாற்றச் செலவை மிச்சம் பிடித்து, உயிரைப் பணயம் வைக்கிறோம்.

ஆனாலும் தவறு செய்தவருக்குத் தண்டனை சக்கரம் மடங்குவதா? அந்தச் சக்கரம் மடங்கினால் ஆபத்து எதிரே வருகிறவருக்கும்தானே?

பிற நாடுகள் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டன. அமெரிக்காவில் 1966-ல் வந்த வாகனப் பாதுகாப்புச் சட்டம், முக்கியமாக முதலில் வாங்கியவருக்கே தகவல் தரச் சொன்னது. 1974-ல் அதைத் திருத்தி, பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குத் தகவல் தர வேண்டும், பழுதை இலவசமாக நீக்கித் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஆபத்தான டகாட்டா ஏர்பேக்குகளை மாற்றாத வண்டிகளுக்கு 2018 மே முதல் கட்டாய வாகனச் சோதனையில் தேர்ச்சி கிடையாது என்று அறிவித்தது. இதுதான் எங்கள் 'சிக்' அடையாளம்!

நம் நாட்டிலும் இது ஆகாத காரியமல்ல. வண்டி யார் பெயரில் இருந்தாலும், புகைச் சோதனைக்கு அது வந்தே தீர வேண்டும். இன்ஷூரன்ஸ் புதுப்பித்தே தீர வேண்டும். இவை எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. வண்டி நம்பரைத் தட்டியதும், 'இந்த வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கிறது' என்று ஒரு வரி திரையில் வர வேண்டும். அந்த வரியைப் புகைச் சான்றிதழிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். வெல்டிங், ஸ்டியரிங் போன்ற உயிர் போகும் குறைகளுக்கு ஏழு வருஷக் கணக்குப் பார்க்கக் கூடாது. ரீகாலில் மாற்றிய பாகத்துக்கும் தனியாக வாரண்டி எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அதே சத்தம் ஆறு மாதத்தில் திரும்பி வரும்.

அதுவரை நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் அதைக் காட்டி, ரீகால் பாக்கி உண்டா என்று கேளுங்கள். ஒரே பாகம் இரண்டாம் முறை போனால் ஜாப் கார்டில் அதை எழுதச் சொல்லிப் பிரதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு எந்த ஆபீசிலும் செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நாகர்கோவிலில் வாங்கிய வண்டிக்குத் திருவனந்தபுரத்தில் முறையிடலாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சௌகரியம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால், 'வியாபார உபயோகம்' என்று சொல்லித் தள்ளவும் முடியாது.

நண்பர் இப்போது ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். கம்பெனியும் ஆர்மை இலவசமாக மாற்றிக் கொடுத்துவிட்டது. ஆனால் ஒரு அலமாரியைத் திறந்து பார்த்ததால் கிடைத்த நியாயம் இது. திறக்காத அலமாரிகள் இன்னும் எத்தனையோ? போக்குவரத்துத் துறையும் கம்பெனிகளும் இதைக் கவனித்து ஆவன செய்ய வேண்டும். கடிதம் வீடு மாறிப் போகலாம். வண்டி நம்பர் மாறிப் போகாது.