நெடுந்தீவுக்கு 450 வாட் எதற்கு?

ஆனித் திருவிழாக் காலம் நெருங்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத் தீவகத்து வீடியோக் கடைகளிலும், அவற்றுக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவினரின் தொலைபேசிப் பேச்சிலும் ஒரே ஆலோசனை ஒலிக்கிறது: "காசைக் கொஞ்சம் கூடப் போட்டு, இருக்கிறதுக்குள்ள பெரிய வீ.ஜீ.ஏ.யாப் பாத்து வாங்குங்கோ, பிறகு கவலையில்லை." இவ்வாண்டும் அது ஒலித்தாயிற்று. கணினியின் படங்களைக் கணித்துத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்ட்டையே இலங்கையில் வீ.ஜீ.ஏ. என்கின்றனர், 1987 இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த ஒரு காட்சித் தரத்தின் பெயர் அது. தரம் வழக்கொழிந்து பல காலமாகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரைப் போலவே இந்த ஆலோசனையும் யாரும் நிறுத்தி விசாரிக்காமல் வாய்க்கு வாய் கைமாறி வந்ததுதான்.

ஒரே தலைமுறையின் இரு முனைகளை அருகருகே வைத்தால் இதன் பொய் வெளிப்படும். என்விடியா நிறுவனம் 2022 ஒக்டோபரில் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 இன் அறிமுக விலை 1,599 டொலர். 2023 ஜூனில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 இன் விலை 299 டொலர். டொலரை 300 ரூபாயாகக் கொண்டால், வரியும் வணிகரின் இலாபமும் சேராமலே முன்னது ஏறத்தாழ 4,80,000 ரூபாய், பின்னது 90,000 ரூபாய். சிறு சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் நுண் அலகுகளான கருக்கள் முன்னதில் 16,384, பின்னதில் 3,072. விலையும் கருவும் ஐந்து மடங்கைத் தாண்டியதும் வேகமும் ஐந்து மடங்கு என்று மனம் தாவிவிடுகிறது. ஆனால் 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் ஏறத்தாழ இருபது இலட்சம் புள்ளிகளே இருப்பதால், அவற்றை நொடிப்பொழுதில் நிரப்பி முடித்த பெரிய கார்ட், மையச் செயலியின் அடுத்த கட்டளை வரும்வரை சும்மா கிடக்கிறது. திரை நொடிக்கு 60 தடவை மட்டுமே படத்தை மாற்றுமாயின், கார்ட் 200 படங்களைக் கணித்தாலும் கண்ணுக்கு வந்து சேர்வது 60 தான். எஞ்சிய 140 படங்களும் எவரும் காணாமலே கழிந்துபோக, அவற்றுக்கான பணத்தை வாங்கியவரே கட்டியிருக்கிறார்.

இதுவும் கணினி விளையாட்டைப் பற்றிய கணக்கே. தீவகத்தில் கார்ட்டுக்குரிய உழைப்பு பெரும்பாலும் வேறு: கலியாண வீட்டுப் படத்தைத் தொகுப்பது, பூப்புனித நீராட்டு விழாவை இறுவட்டுக்கும் இணையத்துக்கும் ஏற்றபடி மாற்றுவது, மரணச் சடங்கை லண்டனிலிருந்து வர இயலாத மகனுக்கு நேரலையாகக் காட்டுவது. நயினாதீவு நாகபூசணி அம்மனின் தேர் வெளிவீதி வரும்போது, கமராவிலிருந்து பெருக்கெடுக்கும் தரவை இணையத்தில் அனுப்பக்கூடிய அளவுக்குச் சுருக்கும் வேலை என்கோடிங் எனப்படும். அந்த வேலையைச் செய்வது மேற்சொன்ன ஆயிரக்கணக்கான கருக்கள் அல்ல. கார்ட்டுக்குள் அதற்கென்றே தனியாக ஒரு சுற்று இருக்கிறது. அந்தச் சுற்று 4090 இலும் 4060 இலும் ஒரே எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. முன்னதில் இரண்டு, பின்னதில் ஒன்று. ஒரு தேரை ஒரு நேரலையில் காட்ட ஒன்றே போதும். அதற்கு மேல், கையடக்கத் தொலைபேசிச் சிம் வழியாக நொடிக்கு 6 மெகாபிட் ஏறினாலே பாக்கியம் என்றிருக்கும் இறங்குதுறைக் கரையில் நின்று அனுப்பப்படும் படம், 4060 இலிருந்து புறப்பட்டதா, 4090 இலிருந்து புறப்பட்டதா என்பதை ரொறன்ரோவில் கைகூப்பி அமர்ந்திருக்கும் பெரியம்மா எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

மின்சாரத்தைப் பற்றி இந்த ஆலோசகர்கள் வாயே திறப்பதில்லை. 4090 முழு வேலையில் 450 வாட் வரை இழுக்கும். 4060 க்கு 115 வாட். நாளுக்கு ஆறு மணிநேரம் முழு வேலை கொடுத்தால் மாதத்தில் முன்னது 81 அலகும் பின்னது 21 அலகுக்குச் சற்றுக் குறைவாகவும் விழுங்கும். பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும் இலங்கையின் படிமுறைக் கட்டணத்தில் அந்த 60 அலகு வித்தியாசம் சிறியதன்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் பாலத்தாலும் கம்பியாலும் குடாநாட்டோடு இணைந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அங்கே மூன்று மணிநேரக் கலியாணப் படம் எண்பது வீதம் கோப்பாகி முடிந்திருக்கையில் மின்குமிழ் ஒருகணம் மங்குகிறது, மின்விசிறி தளர்கிறது, திரை கறுக்கிறது. மின் தடைப்பட்டால் சிறிது நேரம் ஈடுகொடுக்கவென்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 650 வீ.ஏ. யூ.பி.எஸ். 400 வாட்டைக்கூடத் தாங்காது. ஆகவே 4090 பூட்டிய கணினி முழு வேலையில் இருந்தால் அது கீச்சிட்டு உடனே கைவிட்டுவிடும், 4060 பூட்டியதாயின் வேலையைச் சேமித்து மூடச் சில நிமிடங்களாவது தரும். தீவில் ஒளிப்பதிவாளனுக்கு வேண்டியது அந்தச் சில நிமிடங்களே. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் இருண்டு கிடந்ததைக் கண்ட பின்னும் 450 வாட்டைப் புகழ்கிறவர்களை என்னவென்பது?

மின்சாரம் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இம்மூன்று தீவுகளுக்குமான காற்று, சூரிய மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டு, புதுடில்லியின் எதிர்ப்பால் நின்று, 2024 மார்ச்சில்தான் இந்திய நன்கொடையோடு மறுபடி ஒப்பந்தமாயிற்று. இரு பெரிய அரசுகள் கடல் எல்லைக் கணக்குப் பார்த்த அந்த மூன்று ஆண்டுகளும் தீவு மக்கள் டீசல் புகையிலேயே காத்திருந்தார்கள். அவர்களுடைய தேவையைக் கேட்காமல் அவர்களுக்கானதைத் தீர்மானிப்பது வல்லரசுகளுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. கார்ட் வாங்கி அனுப்பும் சொந்தங்களிடமும் அது இருக்கிறது.

உற்பத்தியாளர் காட்டும் வேகப் பட்டியல்களின் நேர்மையும் தெரிந்த கதையே. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் விலையுள்ள புதிய 5070 கார்ட் 4090 இன் வேகத்தைத் தரும் என்றார். உண்மையில் கணிக்கப்படும் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் செயற்கை நுண்ணறிவு ஊகித்து வரையும் மூன்று படங்கள் வரை செருகி எண்ணிய எண்ணிக்கை அது. 1,599 டொலரின் பெருமையை உற்பத்தியாளரே இரண்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு விலையோடு ஒப்பிட்டுக் கூவி விற்றபின், அந்தப் பெருமைக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கச் சொல்வது கொடுமை.

வெளிநாட்டுப் பெட்டியில் வரும் கார்ட்டுக்கு உள்ளூரில் உத்தரவாதம் கிடைப்பது அரிது. உப்புக் காற்றில் அது பழுதானால் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து, பிறகு அனுப்பியவரின் நாட்டுக்கே திரும்பும் பொதி. அதற்குள் திருவிழா முடிந்து கொடியிறங்கிவிடும்.

ஆகையால் இவ்வாண்டு அனுப்ப எண்ணியிருக்கும் உறவுகள் 4060 ஒன்றை அனுப்பட்டும். மிஞ்சும் 1,300 டொலரில் ஒரு நல்ல யூ.பி.எஸ்., இரண்டாவது கமரா, நாதஸ்வரமும் தவிலும் தெளிவாகக் கேட்க ஒரு மைக், பழைய படங்களைப் பிரதியெடுத்து வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை வாங்கி அதே பெட்டியில் வைத்து அனுப்பட்டும்.