கண்ணீர் எனும் காவலன்

கண்ணீர் என்றதும் நம் உள்ளத்தில் தோன்றுவது துயரமே. பிரிவாற்றாது வருந்தும் கண்களுக்கென்றே 'கண்விதுப்பழிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டு வளர்க்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டு. ஆனால் துயரம் ஏதுமில்லாத வேளையிலும், நாம் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்கும்போதும், நம் கண்களில் கண்ணீர் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. அழுகையில் வழியும் கண்ணீர் எப்போதோ வரும் விருந்தாளி. அன்றாடம் ஊறும் கண்ணீரோ வாசலை விட்டு அகலாத காவலன். இந்தக் காவலனின் ஆற்றலையும் அதன் எல்லையையும் நம் சேலம், நாமக்கல் வட்டாரத்து உழைக்கும் மக்கள் அறிய வேண்டும். அதை அவர்களிடம் கொண்டு சேர்க்கும் கடமை கல்லூரி மாணவர்களாகிய நமக்கு உண்டு. இதுவே என் கருத்து.

காவல் எதற்கு என்று முதலில் காண்போம். கருவிழியின் முன்புறத்தைக் கண்ணாடி போல மூடியிருப்பது விழிவெண்படலம். அதன் நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஒளி தடையின்றி உட்புக வேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாய்களே இல்லை. இரத்தம் இல்லையேல் உயிர்வளி எங்கிருந்து வரும்? நாம் விழித்திருக்கும்போது காற்றிலுள்ள உயிர்வளி கண்ணீரில் கரைந்து அப்படலத்தை அடைகிறது. எனவே கண்ணீர் காவலன் மட்டுமன்று. உணவளிக்கும் செவிலித்தாயும் ஆகும்.

இந்த நீர்ப்படலம் வெறும் உப்புநீர் அன்று. இமை விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகள் எண்ணெயைத் தருகின்றன. கண்ணின் மேற்புற வெளி ஓரத்திலுள்ள சுரப்பி நீரைத் தருகிறது. வெண்விழியைப் போர்த்திய மெல்லிய தோலிலுள்ள அணுக்கள் வழவழப்பான சளிப்பொருளைத் தருகின்றன. ஊறுகாய்ச் சாடியில் மேலே மிதக்கும் எண்ணெய் போல, கண்ணீரின் மேலுள்ள எண்ணெய் நீர் ஆவியாகாமல் தடுக்கிறது. அடியிலுள்ள சளிப்பொருள் இல்லையேல், தாமரை இலைத் தண்ணீர் போல நீர் ஒட்டாமல் உருண்டோடிவிடும். இமைக்குந்தோறும் இமைகள் இப்படலத்தைப் புதிதாகப் பூசுகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ பதினைந்து முறை நாம் இமைக்கிறோம். கைப்பேசித் திரையை உற்று நோக்கும்போது அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தேர்வுக் காலத்தில் நம்மில் பலருக்குக் கண் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காவலனிடம் படைக்கலமும் உண்டு. பின்னாளில் பெனிசிலின் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922இல், லைசோசைம் என்னும் பொருளைப் பற்றி எழுதினார். பாக்டீரியாவின் மேற்சுவரைக் கரைத்து அழிக்கும் இப்பொருள் கண்ணீரில் நிறைந்திருந்தது. ஆய்வுக்கு வேண்டிய கண்ணீரைச் சேர்க்க அவர் எலுமிச்சையைக் கண்ணருகே பிழிந்தார் என்பர். அத்துடன், விழுந்த தூசியைக் கழுவி, இமையின் உள் ஓரத்திலுள்ள சிறு துளை வழியே மூக்கினுள் வடித்துவிடுவதும் கண்ணீரின் பணியே. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான்.

இத்தனை ஆற்றலுடைய காவலனுக்கும் ஓர் எல்லை உண்டு. மதில் இடியாத வரையில்தான் காவலனின் வீரம் செல்லும். விழிவெண்படலத்தின் மேல்தோலில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், கிருமி உள்ளே நுழைய வழி கிடைத்துவிடுகிறது. அதன் முடிவு கருவிழிப் புண். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். நம் ஊரார் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பது இதைத்தான்.

நம் வட்டாரத்தில் இக்கீறலுக்கு வாய்ப்பு எத்தனை! நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் இரும்புத் துகள் பறக்கிறது. கல் உடைக்கும் இடங்களில் சில்லுகள் தெறிக்கின்றன. மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டுவோரின் கண்ணைச் சோகை கிழிக்கிறது. நெல் அடிக்கும் களத்தில் சுணை பறக்கிறது. வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கோ, சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல வலி எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் மேல்தோலைச் சுட்டுவிட்டதன் விளைவு அது.

இது கற்பனை அச்சம் அன்று. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 284 பேர் கண்ணில் ஏதேனும் அடிபட்டவர்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பூஞ்சையே காரணமாக இருந்தது. மண்ணிலும் இலைதழையிலும் வாழும் பூஞ்சை, கீறிய கண்ணில் குடியேறியிருந்தது.

அடிபட்ட கண்ணுக்கு நாம் செய்வது என்ன? தாய்ப்பால் பீய்ச்சுகிறோம், விளக்கெண்ணெய் விடுகிறோம், பச்சிலைச் சாறு பிழிகிறோம், நாக்கால் துழாவித் தூசி எடுப்பவரிடம் செல்கிறோம். "எங்கள் காலத்தில் இதில்தானே குணமானோம்" என்பர் பெரியோர். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிறு கீறலாயின், மேல்தோல் ஓரிரு நாளில் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆற்றியது உடல், பெயர் பெற்றது பச்சிலை. ஆனால் ஆறாமற்போன கண்களின் கணக்கை நாம் வைத்துக்கொள்ளவில்லை. வாயிலும் இலையிலும் பாலிலும் கிருமி உண்டு. அவற்றைத் திறந்த புண்ணில் இடுவது, காவலன் தடுத்து நிறுத்திய பகைவனை நாமே கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவதாகும்.

மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் சொட்டு மருந்தும் இதற்குக் குறைந்ததன்று. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு மறையும், வலி குறையும், ஆனால் உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும். நோய் தணிந்தது என்று நம்பி ஒரு வாரம் கழிந்தபின் பெரிய மருத்துவமனைக்கு ஓடினால், அதற்குள் பார்வை பாதி போயிருக்கும்.

சட்டம் இதை முன்பே எண்ணிப் பார்த்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, துகள் தெறிக்கும் வேலையிலும் கடும் ஒளி வீசும் வேலையிலும் தொழிலாளிக்குத் தடுப்புத் திரையோ தக்க கண்ணாடியோ தர வேண்டும் என்றது. ஆயினும் மின்சாரம் பயன்படுத்தும் இடமாயின் பத்துப் பேரேனும் வேலை செய்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. ஐந்தாறு பேர் கொண்ட தெருவோரப் பட்டறைக்கு அது எட்டவில்லை. சட்டம் எட்டாத இடத்துக்கு அறிவாவது எட்ட வேண்டாமா?

எட்டும் என்பதற்குச் சான்று உண்டு. நேபாளத்தில் பக்தபூர் என்னும் இடத்தில், பயிற்சி பெற்ற ஊர்த்தொண்டர்கள் கண்ணில் அடிபட்டவர்களை உடனுக்குடன் கண்டு, மூன்று நாள் கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டனர். கீறல் விழுந்த 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடப்பட்டவர்களுள் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. 2001இல் இது வெளியிடப்பட்டது. பார்வையைக் காத்தது விலையுயர்ந்த கருவி அன்று. காலத்தே செய்த உதவி.

மாணவ நண்பர்களே! 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் நம் நாட்டில் நடைபெறுகிறது. முகாம்தோறும் தெருவைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவை நல்லனவே. அவற்றோடு ஒரே ஒரு நாளைக் கண்ணுக்கு ஒதுக்குமாறு திட்ட அலுவலர்களான பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு வேண்டுகிறேன். நாம் மருத்துவர்கள் அல்லர்; மருந்து இட வேண்டியதில்லை. நான்கு செய்திகளைச் சொன்னால் போதும். தூசி விழுந்தால் கசக்காதீர்கள். இமைத்துக் கண்ணீர் வரவிடுங்கள், தூய நீரால் கழுவுங்கள். குத்திக்கொண்டு நிற்கும் பொருளை நீங்களே பிடுங்காதீர்கள். பாலும் எண்ணெயும் சாறும் கடைச்சொட்டும் வேண்டா. உறுத்தலோ சிவப்போ மங்கலோ நீங்காவிடில் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நம்முள் பலர் பட்டறையிலும் வயலிலும் உழைப்போரின் பிள்ளைகள். நம் கல்விக்காக அவர்கள் சிந்தியது வியர்வை மட்டுமன்று. முகாம் வரும்வரை காத்திராமல், இந்நான்கு செய்திகளையும் இன்றிரவே நம் வீட்டில் சொல்வோம். தந்தைக்கும் தமையனுக்கும் ஒரு காப்புக் கண்ணாடி வாங்கித் தருவோம். கண்ணீர் தன் காவலைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் மதிலைக் காப்பது நம் கையில் உள்ளது.